பெருங்குடல் புற்றுநோயில் மரபணு ஒடுக்கமும் உயிரணு இறப்பும்: சர்வைவின் புரதத்தை முன்வைத்து

முன்னுரை

பெருங்குடலின் உட்சுவரை மூடியுள்ள உயிரணுக்கள் சில நாள்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதியனவாகின்றன. பழுதுற்ற உயிரணு தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் அப்போப்டோசிஸ் எனப்படும் திட்டமிட்ட இறப்பும் இவ்வொழுங்கைக் காக்கிறது. புற்றுநோயில் இவ்விறப்புக்கான வழி அடைபடுகிறது. அடைப்புக்குக் காரணமான மரபணுவை ஒடுக்கினால் புற்றணு இறக்குமா, அவ்விறப்பு எவ்வகையைச் சார்ந்தது ஆகிய வினாக்களைச் சர்வைவின் புரதத்தின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

ஒடுக்கத்தின் இயங்குமுறை

ஆர்.என்.ஏ. குறுக்கீட்டை ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ ஆகியோர் 1998இல் உருளைப்புழுவில் நிறுவினர். அதற்காக 2006இல் நோபல் பரிசு பெற்றனர். ஏறத்தாழ 21 நியூக்ளியோடைடு நீளமுள்ள ஈரிழைக் குறு ஆர்.என்.ஏ. பாலூட்டிகளின் உயிரணுக்களிலும் இவ்வாறு செயற்படும் என்பது 2001இல் தெளிவாயிற்று. அதன் ஓரிழை, ஆர்கோனாட் புரதத்தில் அமர்ந்து, தன்னோடு பொருந்தும் தூது ஆர்.என்.ஏ.வைக் கண்டறிகிறது, புரதம் அத்தூதை வெட்டுகிறது. மரபணு மாறுவதில்லை, அதற்குரிய புரதத்தின் உருவாக்கம் மட்டுமே குறைகிறது.

சர்வைவின் இலக்காதல்

1997இல் கண்டறியப்பட்ட சர்வைவின் 142 அமினோ அமிலங்களால் ஆனது. கருவின் திசுக்களில் மிகுந்தும், முதிர்ந்த இயல்புத் திசுக்கள் பெரும்பாலானவற்றில் அருகியும் காணப்படும் இப்புரதம், பெருங்குடல் புற்றுநோய் உள்ளிட்ட பலவற்றில் மீண்டும் பெருகுகிறது. இறப்பை நிறைவேற்றும் காஸ்பேஸ் நொதிகளின் செயற்பாட்டுக்கு இது தடையாகிறது. ஆகவே இதனை ஒடுக்குதல் தடையை நீக்குதலாகக் கருதப்படுகிறது.

இறப்பின் வகையை உறுதிசெய்தல்

எனினும் சர்வைவினுக்கு மற்றொரு பணியும் உண்டு. ஆரோரா பி முதலிய புரதங்களோடு இணைந்து, உயிரணுப் பகுப்பின்போது குரோமோசோம்கள் பிழையின்றிப் பிரிய அது துணைநிற்கிறது. எனவே, ஒடுக்கத்திற்குப் பின் நேரும் இறப்பு தடை நீங்கியதன் நேர்விளைவாகவும் இருக்கலாம். பகுப்புப் பிழையின் பின்விளைவாகவும் இருக்கலாம்.

எம்டிடி சோதனை வளர்சிதைச் செயற்பாட்டையே அளக்கிறது. வளர்ச்சி நின்றதையும் இறப்பையும் அது வேறுபடுத்துவதில்லை. அனெக்சின் வி பிணைப்பு, வெட்டுண்ட காஸ்பேஸ் 3 ஆகியன அப்போப்டோசிஸைக் காட்டும். டி.என்.ஏ. அளவு பகுப்புப் பிழையை வெளிப்படுத்தும். அதே மரபணுவின் வேறு பகுதியை இலக்காகக் கொண்ட இரண்டாவது குறு ஆர்.என்.ஏ.வும் ஒத்த விளைவைத் தருதல் வேண்டும். ஒடுக்கத்திற்கு ஆட்படாத சர்வைவினை மீண்டும் புகுத்தும்போது புற்றணு பிழைத்தால், இறப்பு அம்மரபணு ஒடுக்கத்தால் நேர்ந்ததென உறுதியாகும்.

முடிவுரை

ஆய்வகத் தட்டில் பெறும் விளைவு உடலில் எளிதில் கைகூடுவதில்லை. காப்பற்ற குறு ஆர்.என்.ஏ. குருதியிலுள்ள நொதிகளால் சிதைகிறது. கொழுப்பு நுண்துகளில் பொதிந்தால் பெரிதும் கல்லீரலையே சேர்கிறது. அமெரிக்காவில் 2018இல் ஒப்புதல் பெற்ற இவ்வகையின் முதல் மருந்தான பட்டிசிரானும் கல்லீரலை இலக்காகக் கொண்டதே. இடைவிடாது பகுப்புறும் குடற்சுவரின் இயல்பான உயிரணுக்களுக்கும் சர்வைவின் தேவைப்படுவதால், புற்றணுவை மட்டும் சென்றடையும் வழி இன்றியமையாதது. இறப்பின் வகையைத் தெளிதலும் மருந்தைச் சேர்ப்பித்தலும் இணைந்து நடைபெறும்போதே மரபணு ஒடுக்கம் சிகிச்சையாக மலரும்.