காலியாக இருக்க வேண்டிய அணை

அணை என்றதும் நமக்கு மேட்டூர், வைகை, பவானிசாகர்தான் ஞாபகத்துக்கு வரும். நீர்மட்டம் எத்தனை அடி என்று தினமும் கேட்கிறோம், நிரம்பினால் சந்தோஷப்படுகிறோம். ஆனால் காலியாகக் கிடக்க வேண்டும் என்பதற்காகவே கட்டுகிற அணைகளும் உண்டு. ஓடைக்குக் குறுக்கே மண்ணைக் கொட்டிக் கெட்டிப்படுத்திய சின்ன அணைகள் இவை. பார்ப்பதற்கு நம்ம ஊர் ஏரிக்கரை மாதிரியே இருக்கும். பாசனம் இவற்றின் முதல் வேலை இல்லை. வெள்ளத்தைப் பிடித்து வைத்து, மெதுவாக விடுவதுதான் வேலை.

இந்த அணை எப்படி வேலை செய்யுது, எதனால் கெட்டுப்போகுது, இதற்கும் நாம் வயலில் போடுகிற மூடாக்குக்கும் என்ன சம்பந்தம் என்று பார்ப்போம்.

வாஷிட்டா ஆற்றங்கரையில்

அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் வாஷிட்டா என்று ஓர் ஆறு ஓடுகிறது. செம்மண் பூமி. புல்வெளியாகக் கிடந்த நிலத்தை உழுது பருத்தியும் கோதுமையும் போட்டார்கள். மண்ணைப் பிடித்து வைத்திருந்த புல்வேர் போய்விட்டது. 1930களில் மழை பொய்த்தபோது மேல்மண் புழுதியாகப் பறந்தது. மழை கொட்டியபோது அதே மண் சேறாக ஓடியது. 1934 ஏப்ரலில் ஹேமன் என்ற ஊர்ப்பக்கம் வாஷிட்டாவில் வந்த வெள்ளத்தில் 17 பேர் செத்துப்போனார்கள்.

அடுத்த வருஷமே அந்நாட்டு அரசு மண் பாதுகாப்புக்கென்று தனித்துறை ஆரம்பித்தது. அதற்குத் தலைவரானவர் ஹியூ ஹேமண்ட் பென்னட். வெள்ளத்தைத் தடுக்க ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஒரு பெரிய அணை போதுமா, மேலே ஓடைகள்தோறும் சின்ன அணைகள் வேண்டுமா என்று அங்கே பெரிய வாக்குவாதமே நடந்தது. பெரிய அணை தனக்குக் கீழே இருக்கிறவர்களைக் காப்பாற்றும். மேலே ஓடைக்கரையில் விவசாயம் செய்கிறவருக்கு அதனால் என்ன லாபம்? அவருடைய பயிர் எப்போதும்போல மூழ்கத்தான் செய்யும். சில சமயம் அவருடைய நல்ல நிலமே அணைக்குள் போய்விடும்.

1944இல் வந்த வெள்ளத்தடுப்புச் சட்டம் 11 ஆற்றுப்படுகைகளில் சின்ன அணைகளுக்கு வழி செய்தது. வாஷிட்டா அதில் ஒன்று. 1948 ஜூலையில் கார்டெல் ஊருக்கருகே கிளவுட் ஓடையில் முதல் அணை பயன்பாட்டுக்கு வந்தது. அடுத்து சாண்ட்ஸ்டோன் ஓடைப் படுகையில் மட்டும் 24 அணைகள் வந்தன. 1954இல் நாடு முழுவதற்கும் சட்டம் விரிந்தது. இன்றைக்கு இப்படி ஏறக்குறைய 12,000 அணைகள் அங்கே இருக்கின்றன. ஒக்லஹோமாவில் மட்டும் 2,100க்கு மேல்.

வெள்ளம் எப்படிக் குறைகிறது?

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் அது சுமார் 40,000 லிட்டர். ஓடைக்குத் தண்ணீர் தரும் மேல்நிலம் 500 ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை கொட்டுகிறது. பாதியை மண் குடிக்கிறது, மீதிப் பாதி ஓடி வருகிறது. ஓடி வருவது 10 கோடி லிட்டர்!

இந்த 10 கோடி லிட்டரும் மூணு மணி நேரத்தில் ஓடையில் இறங்கினால் நொடிக்கு 9,000 லிட்டருக்கு மேல் பாயும். கரை உடையும், வரப்பு போகும், பயிர் போகும். அதே தண்ணீரை அணையில் பிடித்துப் பத்து நாளில் விட்டால் நொடிக்குச் சுமார் 115 லிட்டர்தான். ஓடை அமைதியாகப் போகும். மழையின் அளவு மாறவில்லை, அது ஓடுகிற நேரத்தை மட்டும் நீட்டியிருக்கிறோம்.

ஆனால் ஒன்று. மழை வரும்போது அணையில் இடம் இருந்தால்தான் இது நடக்கும். ஏற்கெனவே தளும்பி நிற்கிற அணைக்கு வருகிற தண்ணீர் வந்த வேகத்திலேயே வழிந்து போய்விடும். அதனால்தான் காலி இடத்தை இந்த அணையின் மூலதனம் என்கிறோம்.

அணையின் உறுப்புகள்

கரை: அடியில் ஓடைமணலைத் தோண்டி எடுத்து, கெட்டியான மண் கிடைக்கும்வரை நீளமாகப் பள்ளம் வெட்டி, அதில் களிமண்ணை நிரப்பிக் கெட்டிப்படுத்துவார்கள். கரைக்கு அடியில் தண்ணீர் ஊறிப் போகாமல் இருக்க இந்த ஏற்பாடு. பிறகு மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டி, ஈரம் பார்த்து, உருளை ஓட்டி உயர்த்துவார்கள். ஒரு அடி உயரத்துக்கு இரண்டரை, மூன்று அடி என்று சரிவு படுத்துக் கிடக்கும். மேலே புல் மூடியிருக்கும்.

குழாய் மதகு: அணைக்குள் செங்குத்தாக ஒரு கான்கிரீட் தொட்டி நிற்கும். தண்ணீர் அதன் வாய்மட்டத்துக்கு ஏறினதும் தொட்டிக்குள் விழுந்து, கரைக்கு அடியில் போகும் குழாய் வழியாகக் கீழே ஓடைக்குப் போகும். தொட்டி வாயில் குப்பை அடைக்காமல் கம்பித் தடுப்பு உண்டு. திறந்து மூட ஆள் தேவையில்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு மழை கொட்டினாலும் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

வண்டலுக்கான இடம்: தொட்டி வாய்க்குக் கீழே சிறிது தண்ணீர் குட்டையாக நிற்கும். ஆடுமாடு குடிக்கும், மீன் வளரும். ஆனால் அந்த இடத்தை ஒதுக்கி வைத்திருப்பது, வருங்காலத்தில் வந்து படியப்போகும் வண்டலுக்காக.

கலங்கல்: எதிர்பார்த்ததைவிடப் பெரிய மழை வந்தால் தண்ணீர் கரைமேல் ஏறிவிடக் கூடாது. மண்கரைமேல் தண்ணீர் வழிந்தால் அரித்துக்கொண்டே போய்க் கரை உடைந்துவிடும். அதனால் கரையின் ஒரு ஓரத்தில், கரை உச்சியைவிடத் தாழ்வாக, இயற்கையான கெட்டி நிலத்தில் அகலமாக ஒரு வழி வெட்டி, புல் வளர்த்து விட்டிருப்பார்கள். நம்ம ஏரியின் கலங்கல் செய்கிற அதே வேலைதான்.

பாதி அணை மேல்நிலத்தில் இருக்கிறது

1954ஆம் ஆண்டுச் சட்டத்தில் நாம் கவனிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. அணைக்கு மேலே இருக்கும் நிலத்தில் குறைந்தது பாதிக்கு, மண் பாதுகாப்பு வேலைகளைச் செய்வோம் என்று நிலத்துக்காரர்களிடம் ஒப்பந்தம் இருக்க வேண்டும்.

காரணம் எளிது. மேலே நிலம் மொட்டையாகக் கிடந்தால் ஒவ்வொரு மழைக்கும் மண் இறங்கும். ஐம்பது வருஷத்துக்கு என்று ஒதுக்கிய வண்டல் இடம் அதற்கு முன்பே தூர்ந்துவிடும். பிறகு வண்டல் மேலே ஏறி, வெள்ளத்துக்கான காலி இடத்தையும் பிடித்துக்கொள்ளும். சம உயர வரப்பு, நிரந்தரப் புல்வெளி, மண்ணை மூடிய பயிர் இதெல்லாம் இருந்தால் அணைக்கு வரும் தண்ணீரும் குறையும், மண்ணும் குறையும். மேலே சொன்ன கணக்கில் மண் பாதி மழையைக் குடித்தது. முக்கால் பங்கு குடித்திருந்தால் ஓடி வருவது 5 கோடி லிட்டராகக் குறைந்திருக்கும். அதே அணை இரண்டு மடங்கு பெரிசான மாதிரி! மட்கு நிறைந்த, மண்புழு துளைத்த மண்ணுக்கு இந்தக் குடிக்கும் திறன் உண்டு.

எதனால் கெடும்?

மண் அணைக்கு வரும் கேடு பெரும்பாலும் சின்னதாகத்தான் ஆரம்பிக்கும்.

எலி, பெருச்சாளி போன்றவை வளை தோண்டும். கரையில் மரம் வளர்ந்து, பட்டுப்போய், வேர் மக்கினால் உள்ளே குழல் மாதிரி வழி உண்டாகும். குழாயை ஒட்டியும் தண்ணீர் கசியலாம். கசிவு தெளிவாக இருந்தால் கவனித்து வரலாம். கலங்கலாக வந்தால் கரைக்குள்ளிருந்து மண் கரைந்து வருகிறது என்று அர்த்தம், ஆபத்து நெருங்கிவிட்டது. நம்ம ஏரிக்கரையில் பனை நிற்கிறதே என்று கேட்கலாம். பனைக்கு ஆணிவேர் கிடையாது, சல்லிவேர்தான். ஆனாலும் அந்த அணைகளில் எந்த மரத்தையும் விடுவதில்லை, புல் மட்டும்தான்.

இன்னொரு கேடு மனிதரால் வருவது. அணை வந்தபிறகு வெள்ளம் வருவதில்லை. பத்து, இருபது வருஷத்தில் ஜனங்கள் வெள்ளத்தையே மறந்துவிடுகிறார்கள். கீழே வயலாக இருந்த இடத்தில் வீடுகள் வருகின்றன. வயலைக் காக்கக் கட்டிய அணைக்குக் கீழே இப்போது உயிர்கள்! அணை அதேதான், ஆனால் உடைந்தால் வரும் நஷ்டம் வேறு. முதலில் கட்டிய அணைகள் ஐம்பது வயதை நெருங்கியபோது, 2000ஆம் ஆண்டில் அவற்றைப் புதுப்பிக்கத் தனிச்சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது.

சின்ன அணைகளால் எல்லா வெள்ளத்தையும் தடுக்க முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓடைக்கரையை அவை நன்றாகக் காக்கும். பல நூறு மைல் தள்ளிப் பேராற்றில் வரும் பெருவெள்ளத்தில் அவற்றால் ஆகும் குறைவு கொஞ்சம்தான்.

நாம் என்ன செய்யலாம்?

நம்ம ஏரி தண்ணீரைச் சேர்த்து வைக்கக் கட்டியது. அதைக் காலியாக வைக்கச் சொல்லவில்லை. ஆனால் கரை, மதகு, கலங்கல், வண்டல் என்ற நாலு விஷயமும் இரண்டுக்கும் ஒன்றுதான். ஐப்பசி மழைக்கு முன்னால் ஊரில் நாலு பேர் சேர்ந்து ஒரு நடை போய்ப் பாருங்கள்:

- கரை உச்சி எங்காவது தாழ்ந்திருக்கிறதா? வண்டித்தடம் பதிந்த இடம்தான் முதலில் வழியும்.
- கரையில் புதர், வேலிக்கருவை, வளை இருக்கிறதா?
- வெளிச்சரிவின் அடியில் சொதசொதப்பு இருக்கிறதா? கசிகிற தண்ணீர் தெளிவா, கலங்கலா?
- கலங்கல் திறந்திருக்கிறதா? கூடுதல் தண்ணீர் தேங்கட்டும் என்று யாராவது மண் மூட்டை அடுக்கியிருந்தால் மழைக்கு முன் எடுத்துவிடுங்கள்.
- ஏரிக்குத் தண்ணீர் வரும் மேல்நிலத்தில் எவ்வளவு மொட்டையாகக் கிடக்கிறது? அது யார் நிலம் என்று பார்த்து, அவரிடம் பேசுங்கள்.

கடைசி வேலைதான் கொஞ்சம் கஷ்டம். நீர்வளத்துறைக்கு மனு எழுதுவது சுலபம், மேட்டுநிலத்துக்காரரிடம் போய் "அண்ணே, அறுவடை முடிஞ்சதும் கொள்ளோ நரிப்பயறோ வெதைச்சு மண்ணை மூடி வைங்க" என்று கேட்பது கஷ்டம். விதையை நாமே கொண்டுபோய்க் கொடுத்துக் கேட்டால் இன்னும் நல்லது. அவர் நிலத்தில் நிற்கிற மண், நம்ம ஏரியில் மிச்சமாகிற இடம்.