'அன்டில் டான்': கேமில் இருந்த நடுக்கம் படத்தில் ஏன் இல்லை?

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் நாலு நண்பர்கள் வார இறுதியில் படத்துக்குப் போவதென்றால், ராக்கியா, முருகனா, பூந்தமல்லி தாண்டி ஈவிபியா என்று வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு பட்டிமன்றமே நடக்கும். டிக்கெட், பாப்கார்ன், பெட்ரோல் எல்லாம் சேர்த்தால் சின்ன செலவில்லை. அப்படிப் போய்விட்டு வெளியே வரும்போது, "கேம் ஆடும்போது இருந்த பயம் இதுல எங்கடா?" என்று ஒருத்தர் கேட்டால் எப்படி இருக்கும்?

2025 ஏப்ரலில் வந்த 'அன்டில் டான்' படம் பார்த்த கேமர்கள் பலரின் கேள்வி அதுதான். (கதை கொஞ்சம் வெளியே வரும், ஜாக்கிரதை!)

கேமில் அப்படி என்ன இருந்தது?

சூப்பர்மாசிவ் கேம்ஸ் உருவாக்கிய இந்த கேம் 2015-ல் பிளேஸ்டேஷன் 4-க்கு வந்தது. பனிமலை பங்களாவில் எட்டு நண்பர்கள், ஒரே ராத்திரி. நீங்கள் எடுக்கும் முடிவைப் பொறுத்து எட்டு பேரும் பிழைக்கலாம். எட்டு பேரும் சாகவும் செய்யலாம். செத்தா செத்ததுதான். கேம் தானாகவே சேவ் ஆகிவிடும், பின்னால் போய்த் திருத்த முடியாது. மீதிக் கதை அந்த ஆள் இல்லாமலேயே நகரும்.

இன்னொரு விஷயம் உண்டு. சில இடங்களில் கையில் இருக்கும் கன்ட்ரோலரை அசைக்காமல் பிடித்திருக்க வேண்டும். லேசாகக் கை நடுங்கினாலும் திரையில் இருப்பவர் மாட்டிக்கொள்வார். அதாவது, நீங்கள் பயந்தால் அவர் காலி.

படத்தில் என்ன செய்தார்கள்?

'லைட்ஸ் அவுட்', 'அனபெல்: கிரியேஷன்' எடுத்த டேவிட் எஃப். சாண்ட்பெர்க்தான் இயக்குநர். பேய்ப் படம் தெரிந்த கை. ஆனால், கேமின் கதையை அவர் எடுக்கவில்லை. காணாமல் போன அக்காவைத் தேடி குளோவர் என்ற பெண் நண்பர்களோடு ஒரு பள்ளத்தாக்குக்குப் போகிறாள். எல்லோரும் கொல்லப்படுகிறார்கள். மணற்கடிகாரம் திரும்புகிறது, அதே ராத்திரி மறுபடி தொடங்குகிறது. 'மாநாடு' பார்த்தவர்களுக்கு டைம் லூப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கேமில் இருந்து வந்தவை வெண்டிகோ என்ற நரமாமிசப் பிசாசும், மனநல மருத்துவர் ஹில்லும்தான். ஹில்லாக இரண்டிலும் நடித்தவர் பீட்டர் ஸ்டோர்மேர்.

எங்கே சறுக்கியது?

கதையை மாற்றியது தப்பில்லை. 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' தொடரின் மூன்றாவது எபிசோடும் கேமில் இல்லாத கதையைத்தான் சொன்னது, பலரும் கொண்டாடினார்கள். இங்கே மாறியது கதை மட்டுமல்ல, விதியும்தான். 'செத்தா செத்ததுதான்' என்று மிரட்டிய கேம், 'செத்தாலும் திரும்பி வருவான்' என்ற படமாகிவிட்டது. ஒருவர் கண்ணெதிரே துண்டாகும்போதும், அடுத்த ரவுண்டில் வந்துவிடுவார் என்று நமக்குத் தெரியும். அப்புறம் என்ன பதற்றம்?

13 ராத்திரிக்குள் தப்பிக்க வேண்டும் என்ற கெடு இருக்கிறது. ஆனால், நடுவில் பல ராத்திரிகளைப் படம் தாண்டிவிடுகிறது. நடந்ததை போன் வீடியோக்களில்தான் பார்க்கிறோம். கெடு நெருங்குவதை நாம் உணர்வதற்குள் அது வந்துவிடுகிறது.

நம்ம ஊர் பாடம்

ஆச்சரியம் என்னவென்றால், எந்த கேமையும் தழுவாத ஒரு தமிழ்ப் படம் இதைச் சரியாகப் பிடித்திருக்கிறது. அஸ்வின் சரவணன் இயக்கி, டாப்ஸி நடித்து 2019-ல் வந்த 'கேம் ஓவர்'. நாயகி சக்கர நாற்காலியில் இருக்கும் கேம் டிசைனர். வீட்டுக்குள் கொலைகாரர்கள் நுழைகிறார்கள். அவளுக்கு இருப்பது மூன்றே உயிர்கள். இங்கேயும் செத்துத் திரும்புகிறாள்தான். ஆனால், ஒவ்வொரு உயிர் போகும்போதும் கையிருப்பு குறைகிறது; செய்த தப்பு ஞாபகம் இருக்கிறது. நாமும் அவளோடு சேர்ந்து எண்ணுகிறோம்.

அப்புறம் ஏன் எடுக்கிறார்கள்?

கணக்கு சரியாக வருவதால்! சுமார் 1.5 கோடி டாலரில் எடுத்த 'அன்டில் டான்', உலகம் முழுக்க 5 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. தெரிந்த பெயர் என்றால் முதல் வாரக் கூட்டம் தானாக வரும். அந்தப் பெயரை நம்பித்தான் நாமும் டிக்கெட் போடுகிறோம்.

அப்போ பார்க்கலாமா, வேண்டாமா?

கேமை மறந்துவிட்டு, ரத்தம் தெறிக்கும் ஒரு நள்ளிரவுப் படமாகப் பார்த்தால் ஓரளவு பொழுது போகும். பழைய நடுக்கம்தான் வேண்டுமென்றால், கேமின் புதுப்பித்த வடிவம் 2024-ல் பிளேஸ்டேஷன் 5-க்கும் கணினிக்கும் வந்திருக்கிறது. ஆவடியில் ஒரு நண்பர் வீட்டு ஹாலில் லைட்டை அணைத்துவிட்டு, ஆளுக்கொரு கேரக்டராகக் கன்ட்ரோலரைக் கைமாற்றி ஆடிப் பாருங்கள். யார் அவசரத்தில் யார் செத்தது என்று அடுத்த நாள் ஆபீஸ் வரைக்கும் சண்டை ஓடும்.