வாடிப்பட்டிக்கு எத்தனை எழுத்து?

சி மொழி வகுப்பில் கோப்புகளைப் பற்றிய பாடம் வந்ததும் கொடுக்கிற பழைய பயிற்சி ஒன்று உண்டு: மெனுவைக் காட்டி, கேட்ட உரைக் கோப்பைத் திறந்து வாசிக்கும் நிரல். சோதனைக்கு வைக்கும் கோப்பில் பெரும்பாலும் நாலு வரி ஆங்கிலம்தான் இருக்கும். வாடிப்பட்டியிலிருந்து மதுரைக்கோ திண்டுக்கல்லுக்கோ பஸ் ஏறிப் போய்க் கணினி படிக்கிற பிள்ளைகள் அந்த இடத்தில் தமிழ்க் கோப்பை வைத்துப் பார்க்க வேண்டும். கோப்பு என்றால் என்னவென்று அப்போதுதான் உண்மையாகப் புரியும்.

கோப்புக்குப் பஞ்சமில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து பிழைதிருத்திய தமிழ் நூல்களை இலவசமாகத் தருகிறது. சுவிட்சர்லாந்தின் லோசானில் பணியாற்றிய கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்திய பணி அது. அதில் முதலில் வந்தது திருக்குறள். 1330 குறளும் இந்தச் சின்ன நிரலுக்கு நல்ல தீனி.

நிரலின் கட்டமைப்பு எளிது. ஒரு சுழல், அதற்குள் மெனு: திற, காட்டு, தேடு, எண்ணு, வெளியேறு. கோப்பு கிடைக்காவிட்டால் எஃப்ஓபன் வெற்றுச் சுட்டியைத் தரும். அதைச் சோதிக்காமல் மேலே போனால் நிரல் விழுந்துவிடும். மெனு எண்ணை ஸ்கேன்எஃப் கொண்டு வாங்குவதும் ஆபத்து. எண்ணுக்குப் பதில் யாராவது ஓர் எழுத்தைத் தட்டினால் அது உள்ளீட்டிலேயே தங்கிவிடும், மெனு நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். எஃப்கெட்ஸில் முழு வரியையும் வாங்கி, அதிலிருந்து எண்ணைப் பிரித்தெடுப்பதே சரி.

இனித் தமிழுக்கு வருவோம். கோப்பில் 'வாடிப்பட்டி' என்று மட்டும் எழுதி, நீளத்தை எஸ்டிஆர்லென்னிடம் கேளுங்கள். 33 என்று சொல்லும். நம் கண்ணுக்கு ஆறே எழுத்துகள். யூனிகோடு 'வா'வை 'வ' என்றும் துணைக்கால் என்றும் இரண்டு குறியீடுகளாக வைக்கிறது. 'ப்' என்றால் 'ப'வும் புள்ளியும். இப்படி மொத்தம் பதினொரு குறியீடுகள். கோப்பில் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட் பிடிக்கிறது.

அந்த முறையை 1992-இல் வகுத்தவர்கள் கென் தாம்சனும் ராப் பைக்கும். சி மொழியைப் படைத்த டென்னிஸ் ரிட்சியோடு சேர்ந்து யூனிக்ஸை உருவாக்கியவர்தான் தாம்சன். அவர்கள் செய்த ஏற்பாடு அருமையானது. ஒரு குறியீட்டின் முதல் பைட்டைத் தவிர மற்றவை எல்லாம் இரும எண்ணில் 10 என்றே தொடங்கும். அந்தப் பைட்டுகளை விட்டுவிட்டு எண்ணினால் 33 பதினொன்றாகும். துணைக்கால், கொம்பு, புள்ளி முதலான குறிகளையும் தாண்டினால் ஆறு கிடைக்கும். நாலைந்து வரி நிரல்தான். நம் எழுத்தை நாம் எண்ணுவதுபோலவே கணினியும் எண்ணுவதைப் பார்க்கிற மகிழ்ச்சி தனி.

வரி வாசிப்பிலும் இதே கவனம் வேண்டும். 81 பைட் இடம் ஒதுக்கினால் எஃப்கெட்ஸ் ஒரு முறைக்கு 80 பைட்டுக்கு மேல் எடுக்காது. இடைவெளியே இல்லாத தமிழ் வரியில் அது 26 குறியீடுகளும் இரண்டு பைட் மிச்சமும். அந்த இடத்தில் நிரல் 'தொடர எண்டர் தட்டவும்' என்று நின்றால், பாதி எழுத்து திரையில் கறையாகத் தெரியும். முழுமையடையாத பைட்டுகளை அடுத்த வாசிப்புக்கு எடுத்துவைக்க வேண்டும்.

தேடல் வேறு விதம். எஸ்டிஆர்எஸ்டிஆருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் பைட்டுகளை ஒப்பிட்டே குறளில் 'நீர்' வரும் இடங்களைக் கண்டுபிடித்துவிடும். 'கல' என்று தேடினால் மட்டும் 'கல்', 'கலை' எல்லாம் சேர்ந்து வரும். 'ல'வுக்குப் பின்னால் வரும் புள்ளியும் ஐகாரக் குறியும் தனிக் குறியீடுகள் அல்லவா? பொருந்திய இடத்துக்கு அடுத்த மூன்று பைட்டையும் பார்த்து, அங்கே குறி இருந்தால் ஒதுக்கிவிடும்படி எழுதினால் தேடல் சரியாகிவிடும்.