தாயாருக்கு எழுதிய கடிதங்கள்



வெள்ளைக்கார அதிகாரிகளின் மனைவிமார் இந்தியாவிலிருந்து ஊருக்கு எழுதிய கடிதங்களில் வெயில், வேலைக்காரர், விருந்து, மலைவாசம் ஆகியவையே பெரும்பாலும் இடம்பெறும். 1884 முதல் 1888 வரை வைஸ்ராயாக இருந்த டஃபரின் பிரபுவின் மனைவி ஹாரியட் சீமாட்டி தம் தாயாருக்கு எழுதியவற்றிலும் இவை நிறைய உண்டு. சிம்லா மாளிகையின் மின்விளக்குகளைப் பற்றியும் அவர் எழுதினார். ஆனால் அவற்றினூடே வேறொரு காரியமும் வருகிறது. அதையே இங்கு உங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

அந்நாட்களில் கோஷா முறையில் வாழ்ந்த பெண்கள் ஆண் மருத்துவரிடம் காட்டிக்கொள்வதில்லை. பிரசவம் சிக்கலானாலும் படித்த மருத்துவரின் உதவி கிடைக்காது. லக்னோவில் ஊழியம் செய்த எலிசபெத் பீல்பி அம்மையார், நோயுற்ற பன்னா சமஸ்தான மகாராணிக்குச் சிகிச்சை அளித்தார். பெண்கள் வியாதியில் படும் பாட்டை விக்டோரியா மகாராணியிடம் எடுத்துச் சொல்லுமாறு அந்த ராணி அவரைக் கேட்டுக்கொண்டார். 1881-ல் பீல்பி அம்மையார் அச்செய்தியை நேரில் சேர்ப்பித்தார். 1884-ல் டஃபரின் சீமாட்டி இந்தியாவுக்குப் புறப்பட்டபோது, இக்காரியத்தைக் கவனிக்கும்படி மகாராணி அவரிடம் சொல்லி அனுப்பினார்.

1885-ல் சீமாட்டி ஒரு சங்கத்தைத் தொடங்கினார். டஃபரின் நிதி என்று அது அழைக்கப்பட்டது. பெண்களுக்கு மருத்துவக் கல்வி, பெண்களுக்கான மருத்துவமனைகள், பயிற்சி பெற்ற தாதிகளும் மருத்துவச்சிகளும் ஆகிய மூன்றும் அதன் நோக்கங்கள். மதப் பிரசாரம் கூடாது என்பது அதன் விதி. மிஷன் பெண் மருத்துவர்கள் அதற்கு முன்பே தனியே உழைத்து வந்தார்கள். அமெரிக்காவிலிருந்து கிளாரா ஸ்வைன் 1870-லேயே பரேலிக்கு வந்துவிட்டார்.

இந்தியப் பெண்களும் முன்வந்தார்கள். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் 1886-ல் தேறிய காதம்பினி கங்குலி, 1888-ல் அந்நகரின் லேடி டஃபரின் மருத்துவமனையில் பணியேற்றார்.

சீமாட்டியின் கடிதக் குறிப்புகள் 1889-ல் இரு பாகங்களாக நூலாயின. அவர் பெயர் தாங்கிய மருத்துவமனை கொல்கத்தாவில் இன்றும் நடந்துவருகிறது. ஆனால் திரைக்குப் பின்னால் நோயுற்றிருந்த ஒரு ராணி முதலில் வாய்திறந்து கேட்டதையும் நாம் மறக்கலாகாது. அவர் தமக்காக மட்டும் கேட்கவில்லை. தம்மைப்போல் துன்புற்ற எல்லாப் பெண்களுக்காகவும் கேட்டார்.