ஒன்பது ஆண்டுகள் ஒளிந்திருந்த ‘அழுக்குப் பசு’!

போனில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே வாட்ஸ்அப் மெசேஜ் வருகிறது. பின்னணியில் ஏதோ ஓர் ஆப் அப்டேட் ஆகிறது. இவையெல்லாம் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது, இயங்குதளத்தின் மையத்தில் இருக்கும் ‘கர்னல்’. ஆண்ட்ராய்டு போன்களில் இருப்பது லினக்ஸ் கர்னல். எந்த ஃபைலை யார் தொடலாம், யார் தொடக் கூடாது என்று முடிவு செய்வதும் அதுதான்.

அந்தக் கர்னலையே ஏமாற்ற ஒரு வழி இருந்தது. அதுவும் 2007 முதல் 2016 வரை!

எப்படி? ஒரு பத்திர அலுவலகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அங்கிருக்கும் மூலப்பத்திரத்தை யாரும் படிக்கலாம். எழுத மட்டும் கூடாது. எழுத வேண்டும் என்று கேட்டால், கிளார்க் ஒரு ஜெராக்ஸ் எடுத்து மேஜையில் வைப்பார். அதில் என்ன கிறுக்கினாலும் மூலத்துக்குச் சேதமில்லை. கர்னலும் இதையேதான் செய்கிறது. இதற்கு ‘காப்பி ஆன் ரைட்’ என்று பெயர். இதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘கவ்’, அதாவது பசு!

இப்போது இரண்டு பேர் பேசிவைத்துக்கொண்டு வருகிறார்கள். ஒருவர், “நான் எழுதணும், எழுதணும்” என்று நச்சரிக்கிறார். அதே நேரத்தில் இன்னொருவர், “அந்த ஜெராக்ஸ் வேண்டாம், கிழிச்சுப் போடுங்க” என்கிறார். கிளார்க் ஜெராக்ஸ் எடுத்துவிட்டார். ‘நகல் எடுத்தாச்சு, இனி அனுமதியைச் சரிபார்க்க வேண்டாம்’ என்று மனதில் குறித்துக்கொண்டு மேஜைக்குத் திரும்புகிறார். அதற்குள் ஜெராக்ஸ் குப்பைக்கூடைக்குப் போய்விட்டது. மேஜையில் மிச்சமிருப்பது மூலப்பத்திரம் மட்டும்தான். கிளார்க் அதையே எடுத்து நீட்டிவிடுகிறார்!

இந்த இடைவெளி கண்ணிமைக்கும் நேரத்தைவிடப் பல மடங்கு சிறியது. ஆனால், கம்ப்யூட்டருக்கு அலுப்பே கிடையாதே. ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப முயன்றால் ஒருமுறையாவது சிக்கும். அந்த ஒருமுறை போதும், தொடவே கூடாத ஃபைலை மாற்றி எழுதி, மொத்தக் கட்டுப்பாட்டையும் பிடித்துவிடலாம்.

‘டர்ட்டி கவ்’ என்ற இந்தக் கோளாறு, ‘ரேஸ் கண்டிஷன்’ என்ற வகையைச் சேர்ந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொரு வேலையையும் தனித்தனியாகச் சோதித்தால் எல்லாமே சரியாக நடக்கும். இரண்டும் ஒரே நேரத்தில், அந்தக் குறிப்பிட்ட நொடித்துளியில் சந்தித்தால் மட்டுமே தவறு வெளிப்படும். இதைத் தடுக்கத்தான் கர்னலுக்குள் ‘பூட்டு’ போடுகிறார்கள். ஒருவர் வேலை முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். ஆனால், எல்லாவற்றுக்கும் பூட்டு போட்டால் போன் ஆமை வேகத்தில் நகரும். ஒன்றுக்கு மேற்பட்ட பிராசஸர்களை லினக்ஸ் கையாளத் தொடங்கிய 1996-ல், கர்னல் முழுவதற்கும் ஒரே ஒரு பெரிய பூட்டுதான் இருந்தது. அதைச் சிறுசிறு பூட்டுகளாகப் பிரித்து, கடைசியாக அகற்றியது 2011-ல்!

லினக்ஸின் தந்தை லினஸ் டோர்வால்ட்ஸ் இப்படியொரு ஓட்டையை 2005-லேயே அடைக்கப் பார்த்தார். ஐ.பி.எம். மெயின்ஃபிரேம்களில் அது சிக்கல் தந்ததால் அந்தத் திருத்தம் விலக்கப்பட்டது. அன்றைக்கு ஏட்டளவில் மட்டுமே இருந்த ஆபத்து, கர்னல் ஒரே நேரத்தில் பல வேலைகளைப் பார்ப்பதில் தேறத் தேற நிஜமாகிவிட்டது. 2016 அக்டோபரில் அவரே மீண்டும் திருத்தம் எழுதினார்.

கண்டுபிடித்தவர் பில் ஓஸ்டர். தன் சர்வருக்கு வரும் போக்குவரத்தையெல்லாம் பதிவு செய்துவைப்பது அவர் வழக்கம். அந்தப் பதிவில்தான் இந்தத் தாக்குதல் சிக்கியது. அதாவது, திருடர்களுக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது.

ஆண்ட்ராய்டுக்கான திருத்தம் 2016 இறுதியிலேயே வந்துவிட்டது. ஆனால், கூகுள் தருவது வேறு, அது நம் போனுக்கு வந்து சேர்வது வேறு. 2017 செப்டம்பரில் இதே ஓட்டையைப் பயன்படுத்தும் ‘இசட்நியூ’ என்ற வைரஸை டிரெண்ட் மைக்ரோ நிறுவனம் கண்டறிந்தது. 1,200-க்கும் மேற்பட்ட போலி ஆப்கள், குறைந்தது 40 நாடுகள். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் சீனாவிலும் இந்தியாவிலும் இருந்தார்கள்.

போன் செட்டிங்ஸில் ‘ஆண்ட்ராய்டு செக்யூரிட்டி பேட்ச் லெவல்’ என்ற இடத்தில் ஒரு தேதி இருக்கும். அலமாரியில் கிடக்கும் பழைய போனில் அது 2016 டிசம்பருக்கு முந்தையது என்றால், பிள்ளைகளுக்கு கேம் விளையாடக் கொடுக்கும் முன் அதிலிருக்கும் வங்கி ஆப்களை அழித்துவிடுங்கள்.