பெற்றோல் மானியின் பொய்

மானி என்னுஞ் சொல் அளக்குங் கருவி எனப் பொருள்படும். வெம்மையை அளப்பது வெப்பமானி. மழையை அளப்பது மழைமானி. காரின் முகப்புப் பலகையிலுள்ள பெற்றோல் மானியும் அவ்வாறே தாங்கியிற் கிடக்கும் பெற்றோலை அளக்கின்றது என்றே பலரும் எண்ணுவர். உண்மை அஃதன்று. அம் மானி பெற்றோலைக் காண்பதேயில்லை. தாங்கியிலிருந்து வரும் ஒற்றைக் கம்பியில் எவ்வளவு மின் ஓடுகின்றது என்பதை மாத்திரமே அஃது அறியும். தூதன் கொணர்ந்த செய்தியை அரசனுக்கு உரைக்கும் வாயிற்காவலனின் நிலை அதற்கு. தூதன் தவறினும் வழி அழியினும் பழி என்னவோ காவலன் மேலேயே விழுகின்றது.

எம் பகுதியில் இப் பழி அடிக்கடி விழுதற்குக் காரணமுண்டு. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் முதலிய பிரித்தானியக் கார்கள் இங்கே சில வீடுகளில் இன்றும் ஓடும் நிலையிற் பேணப்படுகின்றன. மொறிஸ் மைனர் 1948 முதல் 1971 வரை இங்கிலாந்திற் செய்யப்பட்டது. 1960களில் அந்நியச் செலாவணி முடையால் இலங்கைக்குப் புதிய கார்களின் வரவு சுருங்கவே, இருந்தவற்றைத் திருத்தித் திருத்தி ஓட்டுவதே வழியாயிற்று. எழுவான்கரை ஊர்களோ, கல்லடி தொடக்கம் கல்லாறு வரை, ஒருபுறங் கடலும் மறுபுறம் வாவியுமாகக் கிடப்பன. அவ்விரு புறத்து உப்பீரமும் இரும்பின் மூட்டுத்தோறும் புகுந்து துருவை வளர்க்கின்றது. துரு மின்னுக்குப் பகை.

இனி, கருவியின் இயல்பைக் காண்போம். தாங்கியினுள்ளே மிதவை ஒன்று உண்டு. பெற்றோல் ஏற அதுவும் ஏறும், இறங்க இறங்கும். அதனோடு பிணைந்த தண்டு, மெல்லிய தடைக்கம்பிச் சுருளொன்றின்மீது உராய்ந்து நகரும். பௌதிகவியல் கற்ற மாணவர் ஆய்வுகூடத்தில் இறையோதற்று என்னும் மாறுந் தடையைக் கையாண்டிருப்பர். இஃது அதன் தம்பி. முகப்பிலுள்ள மானியில் இரண்டு மின்சுருள்கள் உள. ஒன்று முள்ளை வெறுமையின் பக்கமும் மற்றது நிறைவின் பக்கமும் இழுக்கும். தாங்கி வெறுமையாயின் தடை மிகச் சிறிது. மின் அவ்வழியே எளிதில் இறங்கிவிட, நிறைவுச் சுருள் வலியிழந்து முள் கீழே கிடக்கும். தாங்கி நிறையத் தடை பெருகும், மின் நிறைவுச் சுருளை நாடும், முள் எழும்.

மின் திரும்பிச் செல்வதற்குத் தனிக் கம்பி இல்லை. காரின் இரும்புடலே திரும்பும் வழி. நூல்கள் இதனைப் புவித்தொடுப்பு என்னும். கராச்சில் ‘ஏர்த்’ என்பர். மிதவைக் கருவி தன் திருகாணிகளால் தாங்கியையும், தாங்கி தன் ஆணிகளால் காரின் உடலையும் நன்கு தொட்டிருத்தல் வேண்டும். அவ்விடங்களில் துரு ஏறினால் தடை பெருகிற்று. தடை பெருகினால், பெற்றோல் பெருகிற்று என்றே மானி கொள்ளும். எனவே உப்புக்காற்று இம் மானியைக் கெடுக்குங்கால், இல்லாததை உண்டென்று சொல்லுமாறு கெடுக்கின்றது. குறைத்துக் காட்டும் மானியால் வருவது வீண் அச்சம் மாத்திரமே. மிகுத்துக் காட்டும் மானி நடுவழியில் நிறுத்திவிடும்.

2022ஆம் ஆண்டு யூலையில் எரிபொருட் பங்கீடு தொடங்கியபோது, கார் ஒன்றுக்குக் கிழமைக்கு 20 லீற்றர் பெற்றோலே கிடைத்தது. அந்நாளில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் மைனர் மண்முனைப் பாலத்தருகே நின்றுவிட்டது. நோயுற்ற தாயாரைப் படுவான்கரையிலிருந்து நகரத்து வைத்தியசாலைக்கு அவர் அழைத்துவந்த வேளை அது. முள் முக்காலுக்கு மேல் நின்றது. தாங்கியிலோ பெற்றோல் இல்லை. பின்னே வந்த முச்சக்கரவண்டிக்காரர் அம் மூதாட்டியை ஏற்றிச் சென்றமையால் இடர் நீங்கிற்று. பின்னர்க் கராச்சொன்றிற் காட்டியபோது, மானியையே மாற்றவேண்டும் என்றனர். அதற்குச் சொன்ன விலையோ ஓய்வூதியக்காரருக்கு ஏற்றதன்று. மானியில் ஒரு குறையும் இல்லை என்பதை இரண்டு முழக் கம்பி பின்னர்க் காட்டிற்று. அச் சோதனையை யாவரும் செய்யலாம்.

முதலில் மானியின் இனத்தை அறிதல் வேண்டும். சாவியைத் திறந்தவுடன் முள் துள்ளி எழுமாயின், வளைவுகளில் ஆடுமாயின், அது மேலே கூறிய இருசுருள் மானி. மெல்ல மெல்ல ஊர்ந்து எழுமாயின், அது 1960களின் நடுப்பகுதியை ஒட்டிப் பரவிய வெப்பவகை மானி. பின்னதைப் பற்றிப் பின்னே சொல்வேன். அதற்கு இச் சோதனை ஆகாது.

காரைத் திறந்த வெளியில் நிறுத்துக. பீடி, சிகரெற்று அருகே வரலாகாது. தாங்கியின் மூடி இறுக மூடியிருக்கட்டும். சாவி மூடிய நிலையில், மிதவைக் கருவியிலிருந்து கம்பியைக் கழற்றி, எதிலும் படாது ஒதுக்கி வைத்துச் சாவியைத் திறக்க. முள் நிறைவுக்கு ஏறவேண்டும். மீண்டுஞ் சாவியை மூடி, அக் கம்பியை வேறொரு கம்பியால் நீட்டித் தாங்கிக்குத் தொலைவில், வர்ணம் சுரண்டிய உடலிரும்பில் இறுகப் பிணைத்துச் சாவியைத் திறக்க. முள் வெறுமைக்கு இறங்கவேண்டும். எப்போதும் பிணைத்த பின்னரே சாவியைத் திறத்தல் வேண்டும். மின் ஓடும்போது தொட்டால் பொறி பறக்கும், பெற்றோல் ஆவியோ பொறிக்குக் காத்திருக்கும். முள் இவ்விரண்டிற்கும் பணிந்ததாயின் மானியும் நல்லது, கம்பியும் நல்லது. பிணி தாங்கியின் பக்கமே. பணியாவிடின், மானியின் பின்புறத்து முனையிலேயே இதனைச் செய்து பார்க்க. அங்கே பணிந்தால் இடைவழிக் கம்பி அறுந்தது என்க. எதற்கும் அசையாது வெறுமையிலேயே முள் கிடப்பின், மானிக்கு மின் வருகின்றதா என்று சிறு மின்குமிழால் நோக்குக. பியூஸ் எரிந்திருத்தலும் உண்டு.

தாங்கியின் பக்கமே பிணி என்று தெரிந்ததும், கழற்றிய கம்பியை மீளப் பூட்டி, மிதவைக் கருவியின் விளிம்பிலிருந்து உடலின் தூய இரும்புக்கு ஒரு தனிக் கம்பி இடுக. சொன்ன மைனரில் இதனைச் செய்தவுடன் முக்காலில் நின்ற முள் தலைகுனிந்து கீழே இறங்கிற்று. பிறகு செய்யவேண்டியது பற்றரியைக் கழற்றி வைத்து, திருகாணிகளின் அடியை உப்புத்தாள் கொண்டு உலோகம் மின்னத் தேய்த்து, அத் தனிக் கம்பியை நிலையாகப் பூட்டி, மூட்டின் மேல் கிறீஸ் பூசுதல். தாங்கிக்கு அழகாக வர்ணம் அடித்தபின் மானி கெட்டது என்று சொல்வோரும் உளர். வர்ணமும் மின்னைத் தடுக்கும் என்பதை அவர் நினைப்பதில்லை.

தனிக் கம்பியிட்டும் திருந்தாவிடின் மிதவைக் கருவியை வெளியே எடுக்கவேண்டும். பித்தளை மிதவையைக் காதருகே ஆட்டினால், உள்ளே பெற்றோல் புகுந்திருப்பின் சலசலக்கும். அத்தகைய மிதவை மூழ்கிக் கிடக்க, மானி என்றும் குறையவே காட்டும். வெந்நீரில் அமிழ்த்தினால் துளையிலிருந்து குமிழி எழும். உள்ளிருப்பதை முற்றாக வடித்து ஆவி போக உலர்த்துமுன் ஈயப்பற்று வைக்க முனைதல் உயிருக்கு ஆபத்து; என் கருத்தில், புது மிதவை வாங்குதலே நன்று. தண்டு ஓடும் தடைக்கம்பி ஓரிடத்தில் தேய்ந்து அறுந்திருந்தால், அவ்விடம் வரும்போது முள் திடீரென நிறைவுக்குத் தாவும்.

வெப்பவகை மானியிலே கணக்குத் தலைகீழ்: தடை குறைந்தால் நிறைவு, மிகுந்தால் வெறுமை. அதன் கம்பியை நேரே உடலிற் பிணைத்தால் மானி எரிந்துபோகக் கூடும். சில பத்து ஓம் தடையொன்றை இடையே வைத்தே சோதித்தல் வேண்டும். இவ்வகைக் கார்களில் மின்னழுத்தத்தை 10 வோல்ற்றளவில் நிறுத்தும் சிறு பெட்டி ஒன்று உண்டு. பெற்றோல் மானியும் வெப்பமானியும் ஒருங்கே பொய் சொன்னால் அப் பெட்டியையே முதலில் ஐயுறுக.

திருத்தியபின் முள்ளின் சொல்லைச் சரிபார்த்தல் நன்று. தாங்கி வெறுமையாயிருக்கையில் ஐந்து ஐந்து லீற்றராக அளந்து ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் நிற்கும் இடத்தைக் குறித்துவைத்துக்கொள்க. பிந்திய மைனரின் தாங்கி 6½ கலன், அஃதாவது ஏறத்தாழ 29½ லீற்றர் கொள்ளும். முந்தியவை 5 கலனே. எஸ்.யூ. மின்பம்பி பூட்டிய காராயின் செவியும் உதவும்: பெற்றோல் தீர்ந்ததும் அதன் ‘டிக் டிக்’ ஓசை விரைந்து அடிக்கும். ஆண்டுதோறும் மாரி கழிந்து தை பிறந்ததும் அப் புவித்தொடுப்பைக் கழற்றித் தேய்த்து மீளப் பூட்டிவிட்டால் அடுத்த மாரி வரைக்கும் போதும்.