குருதியைக் கறுக்கவைத்துச் சுவரைப் பார்த்தல்

சீனன்குடாவின் எண்ணெய்க் குதங்களைத் திருகோணமலைக்காரருக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. பிரித்தானியர் கட்டிவிட்டுப் போனவற்றில் 99 இன்னும் நிற்கின்றன. அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சில பாவனையில் இருக்கின்றன, சில பற்றைக்குள் துருவேறிக் கிடக்கின்றன. எதில் எண்ணெய் நிரப்பலாம் என்று முடிவுசெய்பவர் கொள்ளளவைக் கேட்கமாட்டார், தகட்டைத்தான் சோதிப்பார்.

மூளை நாடியில் விழும் புடைப்பு விடயத்தில் வைத்தியத்துக்கு நெடுங்காலம் அந்த வசதி இருக்கவில்லை. அனியூரிசம் எனப்படும் இந்தப் புடைப்பு வளர்ந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ மூவரிடம் இருக்கிறது. பெரும்பாலானோர் அது தெரியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் விழுந்து தலையை ஸ்கேன் செய்யப் போன இடத்தில் தற்செயலாக அகப்படுவதும் உண்டு. வெடித்துவிட்டால் கதை வேறு: மூன்றில் ஒருவரளவில் இறந்துபோகிறார்கள். மண்டையைத் திறந்து கிளிப் போடலாம், தொடை நாடி வழியே பிளாட்டினக் கம்பிச்சுருளைச் செலுத்தி அடைக்கலாம். இரண்டிலும் ஆபத்து உண்டு என்பதால், வெடிக்காத ஒன்றைத் தொடுவதா விடுவதா என்பதே கேள்வி.

2003இல் வெளியான பெரிய சர்வதேச ஆய்வொன்று, மூளையின் முன்பகுதி நாடிகளில் 7 மில்லிமீட்டருக்குக் குறைந்த புடைப்புகள், முன்பு குருதிக்கசிவு வராதவர்களிடம், ஐந்து ஆண்டுகளில் வெடிக்கவேயில்லை என்றது. அப்படியானால், வெடித்த நிலையில் வைத்தியசாலைக்கு வருபவற்றில் ஏன் இத்தனை சின்னப் புடைப்புகள்? அளவு மட்டும் போதாது என்பது வெளிப்படை. ஆனால் 1927இல் எகாஸ் மோனிஸ் மூளை நாடிகளை முதலில் படமெடுத்த நாள் தொட்டு, படத்தில் விழுந்தது நாடிக்குள் ஓடும் குருதியின் வடிவம்தான். சுவர் விழவில்லை.

அந்தச் சுவரின் தடிப்பு பல இடங்களில் அரை மில்லிமீட்டரும் இராது. பக்கத்தில் பளிச்சென்று குருதி ஓடினால் அது எப்படித் தெரியும்? ஆகவே எம்.ஆர்.ஐ. நிபுணர்கள் குருதியையே கறுக்கவைத்தார்கள். இயந்திரம் ரேடியோ அலையை அனுப்பி, உடலின் ஐதரசன் அணுக்கள் திருப்பித் தரும் சமிக்ஞைக்குக் காத்திருக்கும். ஓடும் குருதியின் அணுக்கள் அதற்குள் இடம்மாறி ஒத்திசைவை இழந்துவிடுகின்றன. அவற்றின் சமிக்ஞை வந்து சேர்வதில்லை. அசையாத சுவர் மட்டும் பதில் சொல்கிறது. பிறகு கடோலினியம் மருந்தை ஊசியால் ஏற்றுவார்கள். அழற்சி கண்டு, புதுக் குருதிக்குழாய்கள் முளைத்த சுவர் அதை உறிஞ்சி ஒளிரும்.

2014இல் பாரிஸ் ஆய்வாளர்கள் 108 புடைப்புகளை இப்படிப் பார்த்தார்கள். வெடித்த, அறிகுறி காட்டிய, அல்லது வடிவம் மாறிக்கொண்டிருந்த 31இல் 27இன் சுவர் சுற்றிவர ஒளிர்ந்தது. அமைதியாக இருந்த 77இல் 22 மட்டுமே ஒளிர்ந்தன.

அந்த 22ஐ மறக்கக்கூடாது. ஒளிர்ந்துகொண்டே ஆண்டுக்கணக்கில் சும்மா இருக்கும் புடைப்புகள் உண்டு. பெரிய புடைப்பின் ஓரத்தில் மெதுவாகச் சுழலும் குருதி சரியாகக் கறுக்காமல், சுவர் ஒளிர்வதுபோல் ஏமாற்றுவதும் உண்டு. என் கணிப்பில், இந்தப் படம் இன்றைக்கு நன்றாகச் சொல்வது நல்ல செய்தியைத்தான்: ஒளிராத சுவரைப் பெரும்பாலும் நம்பலாம். ஒளிரும் சுவரை இன்னும் நெருக்கமாகக் கண்காணிக்கவேண்டும்; அதை மட்டும் வைத்துக் கத்தியெடுக்க முடியாது. பதவியாப் பக்கம் போலச் சிறுநீரக நோய் மலிந்த ஊர்க்காரர்கள், தமக்கு அந்த நோய் இருந்தால், கடோலினியம் ஏற்றுமுன் வைத்தியரிடம் சொல்லிவிடுவது நல்லது.

ஸ்கேன் எட்டாதவருக்கும் செய்ய முடிந்தவை உண்டு. புகைப்பதை விடுங்கள், பிரஷரைக் கட்டுப்பாட்டில் வையுங்கள். புடைப்பு உருவாவதற்கும் வெடிப்பதற்கும் இவை இரண்டும் பெரிய காரணங்கள். வாழ்நாளில் வராத தலைவலி ஒன்று நொடியில் உச்சத்துக்கு ஏறினால், பனடோல் போட்டுப் படுக்காமல் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.